ஒரு முழம் தள்ளி நின்ற கல்யாண முருங்கை

கீழவெட்டாங்குடியில் கல்யாண முருங்கை மரம் ஒரு முழம் நகர்ந்து நின்ற அன்று காலை, அதைப் பார்த்துவிட்டு சம்பூர்ணம் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டி, தண்ணித் தொட்டிய யாருடி நகத்துனது?" என்பதுதான். தொட்டிக்கும் மரத்துக்கும் நடுவே நேற்றுவரை ஒரு கோழி நுழைய இடமில்லை. இன்று ஓர் ஆடு கால் நீட்டிப் படுத்திருந்தது. மரம் நகர்ந்தது என்று நம்புவதைவிட மருமகள் தப்புச் செய்தாள் என்று நம்புவது அந்த வீட்டில் எப்போதுமே சுலபம். தையல்நாயகி தொட்டியைக் கையால் காட்டினாள். தரையோடு சேர்த்துக் கட்டிய சிமெண்டுத் தொட்டி அது. சம்பூர்ணம் தொட்டியைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், மருமகளை மேலும் கீழும் பார்த்தாள், "எல்லாம் நீ கால வச்ச ராசி" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டாள்.

அந்த மரம் ஒரு காலத்தில் தையல்நாயகியின் பந்தக்கால். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் குஞ்சிதபாதத்துக்கு அவளைக் கட்டி வைத்தபோது, ஊர் வழக்கப்படி ஒரு கல்யாண முருங்கைக் கொம்பை வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பால் ஊற்றிப் பந்தலில் நட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் அதைப் பிடுங்கிக் கொல்லையின் ஈசான மூலையில் ஊன்றினார்கள். கொம்பு துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்பது அங்கே கணக்கு. ஒன்பதாம் நாளே துளிர்த்தது. சம்பூர்ணம் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள், மகன் ஏதோ தன் கையால் அதற்குள் உயிரை ஊதி வைத்துவிட்டது மாதிரி. உண்மையில், முள்முருங்கை என்றும் சொல்கிற இந்தக் கொம்பை எங்கே குத்தினாலும் துளிர்க்கும், வேலியில் குத்தினாலும் துளிர்க்கும், தலைகீழாகக் குத்தினாலும் துளிர்க்கப் பார்க்கும். அந்த மரத்தின் குணம் அது, குஞ்சிதபாதத்தின் குணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மரம் வளர்ந்தது. சாம்பல் நிறப் பட்டையில் கறுப்பு முள் வைத்தது, ஒரு காம்புக்கு மூன்று இலை என்று தழைத்தது, மாசி பிறந்ததும் ஓர் இலை விடாமல் உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையின் நுனியெல்லாம் ரத்தச் சிவப்பாகப் பூத்தது. பூவில் தேன் குடிக்க மைனாவும் காக்கையும் கரிச்சானும் விடிந்ததிலிருந்து அடித்துக்கொள்ளும். காய் முற்றினால் பிள்ளைகள் கருஞ்சிவப்பு விதையைப் பொறுக்கித் தரையில் தேய்த்து ஒருத்தர் தொடையில் ஒருத்தர் சூடு வைத்து விளையாடும். இலையைப் பச்சரிசியோடு அரைத்து அடை தட்டினால் நெஞ்சுச் சளி கரையும். வெற்றிலைக் கொடிக்காலில் இந்த மரத்தை நட்டுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். இதெல்லாம் ஊருக்கு. சம்பூர்ணத்துக்கு வேண்டியது இலைச் சாறு. கர்ப்பப் பைக்கு நல்லதாம். கல்யாணமான மறு வருடத்திலிருந்து, இலை இருக்கிற மாதமெல்லாம் தவறாமல், தலைக்கு ஊற்றிக்கொண்ட மூன்றாம் நாள், வெறும் வயிற்றில், ஓர் ஆழாக்குப் பச்சைச் சாற்றைத் தையல்நாயகி நின்றபடியே குடிக்க வேண்டும்; குடித்து முடிக்கும்வரை மாமியார் எதிரே நிற்பாள். இப்படிப் பதினொரு வருடம். ஒரு மாட்டுக்கு இத்தனை தழை போட்டிருந்தால் அது நன்றியாவது காட்டியிருக்கும் என்று சம்பூர்ணமே ஒருமுறை சொன்னாள். குஞ்சிதபாதத்துக்கு ஒரு சொட்டுக்கூட யாரும் கொடுக்கவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தையல்நாயகி ஒரு தடவை சொன்னபோது, "ஆம்பளைக்கு என்னடி பரிசோதன?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சீட்டாடப் போனான். துண்டை உதறுவதில் மட்டும் அவனை அடித்துக்கொள்ள அந்தத் தாலுகாவில் ஆள் இல்லை.

அப்புறம் ஒரு குளவி வந்தது. கடுகில் பாதிகூட இல்லாத குளவி. இலைக்குள் முட்டை வைத்தது; இலையெல்லாம் முண்டு முண்டாக வீங்கிச் சுருண்டது; மூன்று மழைக்காலத்துக்குள் அந்தச் சுற்று வட்டாரத்தில் வேலி, கொடிக்கால், வாய்க்கால் கரை என்று எங்கேயும் ஒரு கல்யாண முருங்கை மிஞ்சவில்லை, சம்பூர்ணம் வீட்டுக் கொல்லையில் நின்றதைத் தவிர. அதன் பிறகு யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தக்கால் வெட்ட இங்கேதான் வந்தார்கள். தட்டில் பூவும் பழமும் எடுத்து வருவார்கள், மரத்துக்குக் கற்பூரம் காட்டுவார்கள், அது முடியும்வரை தையல்நாயகியை உள்ளே போய் இருக்கச் சொல்வார்கள். பிள்ளை பெறாதவள் கண் பட்டால் கொம்பு பட்டுப்போகுமாம். அந்த மரம் குடித்ததெல்லாம் அவள் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று அங்கே ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. உறைக்கிற ஊராக இருந்தால் அது கீழவெட்டாங்குடியாக இருந்திருக்காது.

மரம் நகர்ந்ததற்கு முந்தின நாள்தான் குஞ்சிதபாதத்துக்கு ரெண்டாம் கல்யாணம் நிச்சயம் செய்தார்கள். பெண் பக்கத்து ஊர் உத்திராபதியின் மகள் அமுதவல்லி, வைகாசியில் முகூர்த்தம். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று உத்திராபதி தலையைச் சொறிந்தபோது, பஞ்சாயத்துத் தலைவர் வேதரத்தினம் எல்லாச் சட்டத்தையும் கரைத்துக் குடித்தவர் போலச் சிரித்தார்.

"மொத தாரமே தன் கையால பந்தக்காலுக்குப் பால் ஊத்திட்டா சம்மதம்னு அர்த்தம். ஊரே சாட்சி. அப்பறம் எந்தக் கோர்ட்டு என்னா பண்ணும்?"

"அவங்க ஊத்துறத நான் கண்ணால பாக்கணும் தலைவரே. பாத்தாத்தான் பொண்ண அனுப்புவேன்" என்றார் உத்திராபதி.

சமையல்கட்டில் வடை தட்டிக்கொண்டிருந்த தையல்நாயகி இதைக் கேட்டாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. தாய் தகப்பன் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டபோது, "அனுசரிச்சு ஒரு மூலையில இருந்துக்க தாயி" என்றான். பால் ஊற்றினால் அந்த மூலை. ஊற்றாவிட்டால் நடுத்தெரு. அவள் முன்னால் இருந்தது இவ்வளவுதான்.

ரெண்டாம் பந்தக்காலும் முதல் பந்தக்காலிலிருந்துதான் வெட்டியாக வேண்டும், வேறு மரம் கிடையாது. அதனால் சம்பூர்ணம் ஒரு கட்டளை போட்டாள்: கல்யாணம்வரை மரம் வாடக் கூடாது, நகர்ந்தாலும் சரி பறந்தாலும் சரி, தினமும் நாலு குடம் தண்ணீர் தையல்நாயகி ஊற்ற வேண்டும். அந்த அம்மாள் வாழ்நாளில் செய்த தப்புகளை வரிசைப்படுத்தினால் இது முதலில் வரும். ஆனால் அன்றைக்கு அது அவளுக்கு ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

மரம் தினமும் ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் பள்ளம் விழவில்லை, குடத்தை எடுத்த இடத்தில் குளத்துத் தண்ணீர் கூடிக்கொள்வதுபோல மண் கூடிக்கொண்டது. பூத்த கிளையோடு, கிளையில் சண்டை போடும் மைனாக்களோடு, ராத்திரியில் எந்த நேரத்திலோ நகர்ந்துவிட்டு விடியும்போது ஒன்றும் தெரியாததுபோல நின்றது. முதலில் எலி பறித்தது என்றார்கள். பிறகு முழம் போட்டு அளந்தார்கள். யார் கை முழம் என்பதில் மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் சண்டை வந்து ரெண்டு பேருக்கு மண்டை உடைந்தது. மரம் ஏன் நகர்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, யார் வீட்டுப் பக்கம் நகர்கிறது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு உள்ளே நின்றது, திங்கட்கிழமை மதிலுக்கு வெளியே நின்றது, மதிலில் ஒரு செங்கல்கூடச் சரியவில்லை. சந்துக்கு வந்ததும், நடை பழகிய பிள்ளைபோல அதற்குத் தைரியம் வந்துவிட்டது. நாளைக்குப் பத்தடி, பதினைந்தடி என்று போக ஆரம்பித்தது.

ஊர் அதைத் தன் வழக்கப்படி ஏற்றுக்கொண்டது. மரம் அம்மன் கோயிலுக்குத்தான் போகிறது என்று பூசாரி சொன்னார். அது கோயிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனதும், அம்மன் கனவில் வந்து தானே அனுப்பி வைத்ததாகச் சொன்னாள் என்றார். வேதரத்தினம் அது பஞ்சாயத்து ஆபீசுக்கு வருகிறது என்று அறிவித்துக் கிளையில் கட்சிக் கொடி கட்டினார். மறு வாரமே எதிர்க்கட்சிக்காரன் மறு கிளையில் கட்டினான். மைனாக்கள் ரெண்டின் மேலும் பாரபட்சமில்லாமல் எச்சமிட்டன. தாலுகா ஆபீசிலிருந்து ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. ஒட்டுவதற்குள் மரம் வேறு சர்வே எண்ணுக்குப் போய்விட்டதால் ஊழியர் பழைய இடத்தில் ஒரு குச்சியை நட்டு அதில் ஒட்டிவிட்டுப் போனார். கல்யாணமாகாதவர்கள் செவ்வாய்க்கிழமை சுற்றினார்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் வெள்ளிக்கிழமை சுற்றினார்கள். சித்திரையில் இலை விட்டதும் பெண்கள் மடி மடியாகப் பறித்தார்கள்.

தண்ணீர் ஊற்றியது தையல்நாயகி மட்டும்தான். தினமும் நேற்றைவிட ஒரு முழம், பிறகு பத்தடி, பிறகு அரைத் தெரு தள்ளி நடந்தாள். பன்னிரண்டு வருடத்தில் கோயில் முக்கைத் தாண்டியிராதவள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவைத் தாண்டினாள், பள்ளிக்கூடத்தைத் தாண்டினாள், வாய்க்கால் மதகைத் தாண்டினாள். "எங்க போற?" என்று யாரும் கேட்கவில்லை. மரத்துக்குப் போகிறாள், மாமியார் சொல்லிப் போகிறாள், அதற்கு மேல் என்ன? மரம் மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் போய் நின்றபோது, நாலு குடம் சுமக்க அவளுக்கு அரை நாள் ஆயிற்று. அதனால் கொடிக்கால்காரர்கள் விட்டுப்போன ஒரு கீற்றுக் கொட்டகையில் அம்மியும் தோசைக் கல்லும் கொண்டு போய் வைத்துக்கொண்டு, இலை பறிக்க வருகிற பெண்களுக்கு அடை தட்டிக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நாலு பேர் வாங்கித் தின்றார்கள். வெளியூர் டிரைவர் ஒருவர், "யக்கா, நாளைக்கும் போடுவீங்களா?" என்று கேட்டார். அவளை அதுவரை யாரும் நாளைக்கு என்ன செய்வாய் என்று கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியை அன்று முழுக்க மனசுக்குள் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வைகாசி வந்தது. முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் பந்தக்கால் வெட்ட மேளதாளத்தோடு ஊரே மெயின் ரோட்டுக்கு வந்தது. எட்டு மணி பஸ்ஸில் உத்திராபதி மகளோடு வந்து இறங்கினார். நல்ல நேரம் ஒன்பதோடு முடிகிறது, வீட்டுக்குப் போய்ச் சேர நேரமில்லை, வெட்டின இடத்திலேயே பால் ஊற்றிவிடட்டும் என்று வேதரத்தினம் தீர்ப்புச் சொன்னார். கொம்பை வெட்டினார்கள், மஞ்சள் பூசினார்கள், குஞ்சிதபாதம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, நாற்பது வயசுக்குப் புதிதாகக் கறுத்த மீசையோடு, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். சம்பூர்ணம் பால் சொம்பைத் தையல்நாயகி கையில் திணித்தாள். கண் படக் கூடாது என்று வருடக்கணக்காக உள்ளே தள்ளியவளை இன்று எல்லோரும் வழிவிட்டு முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

தையல்நாயகி சொம்பை வாங்கிக்கொண்டாள். கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். இத்தனை வருடம் இவர்களுக்கா பயந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு மரம் கண்ணெதிரே நடந்து வந்திருக்கிறது, இவர்கள் அதில் கொடி கட்டியிருக்கிறார்கள்.

"அத்த, பதினோரு வருசமா எனக்குக் குடுத்த சாறு இந்த மரத்துதுதான?"

"ஆமா, அதுக்கென்னா இப்ப? நேரம் போவுது, ஊத்து."

"ஒரே ஒரு ஆழாக்கு அவருக்கும் குடுங்க. அவரு குடிச்ச மறுநிமிசம் நான் பால் ஊத்துறேன்."

"ஆம்பளைக்கு எதுக்குடி அது?"

"எனக்கு எதுக்குக் குடுத்தீங்களோ அதுக்குத்தான்."

நாயனக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். வேதரத்தினம் தொண்டையைச் செருமினார். "இதென்னாம்மா, ஊர்ல இல்லாத புது வழக்கமா இருக்கு?"

"மரம் நடக்குறது பழைய வழக்கமா தலைவரே? அதுக்கு மட்டும் கொடி கட்டுனீங்க?"

அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்தாள், தலைக்கு மேலே தொங்கிய கிளையிலிருந்து இலை பறித்தாள், அம்மியில் நசுக்கினாள், முந்தானையில் பிழிந்து ஒரு டம்ளர் பச்சைச் சாறு எடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குஞ்சிதபாதம் கொம்பை ஒரு கைக்கு மாற்றி, மறு கையில் டம்ளரை வாங்கிக்கொண்டு, அம்மா முகத்தைப் பார்த்தான்.

"வேணாம்டா தம்பி, ஊரே பாக்குது" என்றாள் சம்பூர்ணம்.

"குடிச்சா என்னா ஆயிடும்?"

கேட்டது அமுதவல்லி. நிச்சயம் பண்ணின நாளிலிருந்து அந்தப் பெண் பேசி யாரும் கேட்டதில்லை. உத்திராபதி மகளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்ள, நீங்க டாக்டர்கிட்ட காட்டியிருக்கீங்கள்ல?"

"எனக்கென்னா கொற?"

"கொறன்னு யாரு சொன்னா? காட்டுனீங்களான்னுதான் கேட்டேன்."

குஞ்சிதபாதம் துண்டை உதறப் பார்த்தான். ஒரு கையில் கொம்பு, ஒரு கையில் டம்ளர். பதினொரு வருடம் ஒருத்தி முகம் சுளிக்காமல் குடித்ததில் ஒரு மடக்கு, தொண்டைக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? அவன் டம்ளரை ஒரு சொட்டுச் சிந்தாமல் தரையில் வைத்தான். தன் வாழ்க்கையில் அவன் அத்தனை கவனமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

எட்டே முக்கால் பஸ் வந்தது. உத்திராபதி மகளைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வந்த வழியே போய்விட்டார். தையல்நாயகி சொம்பை எடுத்தாள். கொம்பைத் தாண்டிப் போய் மரத்தின் வேரில் மொத்தப் பாலையும் ஊற்றினாள், வெறும் சொம்பை மாமியார் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்றாள் சம்பூர்ணம்.

"அங்க எனக்கு ஒண்ணுமில்ல அத்த. தொட்டி மட்டும் பத்திரம். இனிமே அத யாரும் நகத்த மாட்டாங்க."

அவள் போகவில்லை. மரமும் அதற்குப் பிறகு நகரவில்லை. கொட்டகையை ஒட்டி, நிழல் சரியாகத் தோசைக் கல்லின் மேல் விழுகிற மாதிரி நின்றுகொண்டது. நகராத மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியவில்லை. கொடிகள் கிழிந்தன, செவ்வாய்க்கிழமைக் கூட்டம் கரைந்தது, மரம் நடந்ததெல்லாம் வெறும் புரளி என்று முழம் போட்டு அளந்தவர்களே சொன்னார்கள். இது இப்படித்தான் முடியும் என்று தான் முதலிலேயே சொன்னதாக வேதரத்தினம் சொன்னார். அடை நன்றாக இருக்கிறது என்பதில் மட்டும் மேலத் தெருவும் கீழத் தெருவும் ஒத்துப்போயின.

ஆடி மாதத்தில் ஒரு நாள் விடிந்தும் விடியாததுமாக, குஞ்சிதபாதம் வந்தான். தலையில் முக்காடுபோலத் துண்டைப் போட்டிருந்தான். தையல்நாயகி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தையலு, கொஞ்சம் எல பறிச்சுக்கிறேன். அம்மாவுக்குச் சளி."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. தெருவில் போகிற கோழியைப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது.

"பறிச்சுக்குங்க. சளிக்குன்னா அடை. மத்ததுக்குன்னா வெறும் வயித்துல, ஒரு ஆழாக்கு. நின்னுக்கிட்டே குடிக்கணும்."

அவன் காது கேட்காததுபோல மரத்தடிக்குப் போய்க் கையை நீட்டினான். மரம் ஒரு முழம் தள்ளி நின்றது. அவன் ஒரு முழம் முன்னால் போனான். மரம் இன்னொரு முழம் தள்ளி நின்றது. முதல் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் அவன் விட்டுப்போன செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். அவன் எட்டினான், அது தள்ளியது; எட்டினான், தள்ளியது; இப்படியே மதகைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கடைத்தெருவுக்குள், கையை நீட்டிக்கொண்டே, பொழுது விடிந்த நல்ல வெளிச்சத்தில் அவன் போவதை ஊர் முழுக்கக் கதவைத் திறந்து பார்த்தது.

தையல்நாயகி பார்க்கவில்லை. கல் காய்ந்துவிட்டது, மாவை ஊற்றினாள். தண்ணீர் ஊற்றுகிற நேரத்துக்கு மரம் திரும்பி வந்துவிடும்.